ஹான்ஸ் ஹாஸ்: மீனோடு மீனாக நீந்திய விலங்கியலாளர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலுக்குள் படமெடுத்தவர்கள் என்று பேச்சு வந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் சொல்வது பிரான்ஸ் நாட்டு ஜாக் கூஸ்தோவின் பெயரை. அவரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு பெயர் ஹான்ஸ் ஹாஸ். கடல் உயிரியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, தொலைக்காட்சியில் தானே தோன்றிக் கடலை விளக்கிக் காட்டிய முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். தமிழில் அவரைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. கடலிலும் முக்குளிப்பிலும் ஆர்வமுள்ள நண்பர்கள் என்னிடம் அவ்வப்போது கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஹான்ஸ் ஹாஸ் எந்த ஊர்க்காரர்?

ஆஸ்திரியாவின் வியன்னா. பிறந்தது 1919 ஜனவரி 23. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் முதல் உலகப் போர் முடிந்து, ஆஸ்திரியா தன் கடற்கரை முழுவதையும் இழந்திருந்தது. கடலே இல்லாத நாட்டில் பிறந்த பையன் கடலைப் பார்க்க வேண்டுமானால் எல்லை தாண்டித்தான் போக வேண்டும். 2013 ஜூன் 16 அன்று, 94ஆவது வயதில், அதே வியன்னாவில் இறந்தார்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை கடலுக்குள் இறங்கியது எப்படி?

அப்பா வக்கீல். மகனும் சட்டம் படிக்கத்தான் சேர்ந்தார். 1937இல் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு பிரான்ஸின் தெற்குக் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போனார். அங்கே ஒருவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முங்குவதும், கையில் ஈட்டியோடு மீன் குத்தி மேலே வருவதுமாக இருந்தார். கய் கில்பாட்ரிக் என்ற அமெரிக்க எழுத்தாளர் அவர். கரையில் நின்று வேடிக்கை பார்த்த 18 வயது ஹாஸுக்கு அன்றே அந்தப் பித்து பிடித்துக்கொண்டது.

தானும் ஈட்டி செய்துகொண்டார். அடுத்த வருடம் யூகோஸ்லாவியாவின் டால்மேஷியக் கரைக்குப் போனார். குத்திய மீனைக் கரைக்குக் கொண்டுவந்து காட்டினால் ஊர் நம்பும். குத்தாமல் விட்ட மீனை எப்படிக் காட்டுவது? அதற்குத்தான் கேமரா வேண்டும் என்று தோன்றியது. கேமராவுக்கு நீர் புகாத உறையை அவரே செய்தார். அப்புறம் சட்டப் படிப்பை விட்டுவிட்டு விலங்கியலுக்கு மாறினார்.

1939இல் அவர் கரீபியக் கடலில் மாட்டிக்கொண்டார் என்கிறார்களே, அது என்ன கதை?

அந்த வருடக் கோடையில், மாணவராக இருக்கும்போதே, இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு டச்சு ஆட்சியில் இருந்த குராசாவ், போனேர் தீவுகளுக்குக் கிளம்பினார். யோர்க் போலர் ஒருவர், ஆல்ஃபிரட் ஃபான் வுர்ட்சியான் இன்னொருவர். சில மாதம் படமெடுத்துவிட்டுத் திரும்பலாம் என்பது திட்டம். செப்டம்பர் மாதம் போர் வெடித்தது. அட்லாண்டிக் வழியாக ஊர் திரும்ப வழியில்லை.

கடைசியில் உலகத்தையே சுற்றிக்கொண்டு வந்தார்கள். அமெரிக்கா, ஜப்பான், சீனா, பிறகு சைபீரியாவைக் குறுக்கே கடந்து 1940இல் வீடு. கையில் படச்சுருள்கள் பத்திரமாக இருந்தன. அந்தப் பயணத்தில் எடுத்ததை வைத்து அவருடைய முதல் நீரடிப் படம் 1940இல் வெளியானது. அப்போது அவரிடம் மூச்சுக் கருவி எதுவும் கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு முங்கி, சில நொடிகள் எடுத்துவிட்டு மேலே வந்து, மறுபடி முங்கி என்று துண்டுதுண்டாகச் சேர்த்த காட்சிகள் அவை. முத்துக்குளித்துறையின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த உழைப்பு சொல்லாமலே புரியும்.

சுறாவைப் பார்த்துக் கத்தினால் ஓடிவிடும் என்று அவர் சொன்னது உண்மையா?

சொன்னார். குராசாவில் ஒரு சுறா நேராகப் பாய்ந்து வந்தபோது பயத்தில் தண்ணீருக்குள்ளேயே கத்தியிருக்கிறார்கள். சுறா திரும்பி ஓடிவிட்டது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே கத்திப் பார்த்தார்கள். பல தடவை பலித்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் முயன்று பார்க்க வேண்டாம். எல்லாச் சுறாவும் ஒரே இனம் இல்லை, எல்லாக் கடலிலும் அவை ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. ஹாஸே பிற்பாடு சுறாவைத் தள்ளிவிட ஒரு கூர்முனைக் கோலைக் கையோடு கொண்டுபோனார். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தக் காலத்தில் சுறா என்றாலே கொலைகாரன். ஆள் தண்ணீரில் விழுந்தால் முடிந்தது கதை என்றுதான் கப்பல்காரர்கள்கூட நம்பினார்கள். அதன் பக்கத்திலேயே நீந்தி, அது எப்போது நெருங்குகிறது, எப்போது விலகுகிறது என்று ஒருவர் கவனித்துக் குறிப்பெழுதினார். சுறாவுக்கும் தயக்கம் உண்டு, ஆர்வம் உண்டு, பயம் உண்டு என்று பொதுமக்களுக்கு முதலில் படம் போட்டுக் காட்டியவர்களில் அவர் ஒருவர்.

அவர் உண்மையிலேயே விஞ்ஞானியா, படமெடுப்பவர் மட்டும்தானா?

விஞ்ஞானிதான். போர்க்காலத்தில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள் என்ன தெரியுமா? சுறா இல்லை, திமிங்கிலம் இல்லை. ரெட்டெபோரிட் என்ற பிரையோசோவா வகை. பிரையோசோவா என்பவை மிகச் சின்னக் கூட்டுயிரிகள். ஆயிரக்கணக்கில் ஒன்றாய் ஒட்டி வாழ்ந்து, சல்லடைத் துணியை மடித்து வைத்தது போல மெல்லிய சுண்ணாம்புக் கூடு கட்டும். பாறை இடுக்கிலும் கடற்குகைக் கூரையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் காலத்தில் இவற்றைக் கப்பலில் இருந்து வலையை இழுத்துத்தான் சேகரிப்பார்கள். மேலே வருவதற்குள் பாதி நொறுங்கியிருக்கும். எந்தப் பக்கம் பார்த்து வளர்ந்தது, நிழலிலா வெளிச்சத்திலா, பக்கத்தில் யார் இருந்தது என்பதெல்லாம் தெரியவே தெரியாது. ஹாஸ் அவை இருந்த இடத்துக்கே நீந்திப் போய்ப் பார்த்தார், கையாலேயே எடுத்தார். மூச்சுக் கருவியைப் போட்டுக்கொண்டு நீந்திச் செய்த கடலாய்வை வைத்து டாக்டர் பட்டம் வாங்கியவர்களில் அவர்தான் முன்னோடி. கடல் உயிரியல் மாணவர்கள் தண்ணீருக்குள் இறங்குவது இன்று ஒரு செய்தியே இல்லை. அன்று அது பேராசிரியர்கள் புருவத்தை உயர்த்திய விஷயம்.

அவர் பயன்படுத்திய மூச்சுக் கருவிக்கும் இன்றைய ஸ்கூபாவுக்கும் என்ன வித்தியாசம்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவருடைய படங்கள் ஏன் அப்படி அமைந்தன என்பதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது.

இன்றைய ஸ்கூபாவில் சிலிண்டரில் இருப்பது அழுத்திய காற்று. இழுத்த மூச்சை வெளியே விட்டால் அது குமிழியாகக் கடலுக்குள் போய்விடும். அந்தமானின் ஹவ்லாக் தீவில் முதல்முறை கடலுக்குள் இறங்கியபோது நான் எதிர்பார்த்தது அமைதியை. கிடைத்ததோ சத்தம். ஒவ்வொரு தடவை மூச்சு விடும்போதும் காதோரம் குடம் கவிழ்ந்தது போலக் குபுகுபு என்று ஒரு இரைச்சல். எதிரே மேய்ந்துகொண்டிருந்த கிளிமீன் கூட்டம் ஒவ்வொரு குமிழிக் கொத்துக்கும் சட்டென்று ஒரு முழம் பின்வாங்கியது. மூச்சை நிறுத்தினால் திரும்பி வந்தது. விட்டால் மறுபடி விலகியது.

ஹாஸ் எடுத்துக்கொண்டது வேறு வழி. நீர்மூழ்கிக் கப்பல் முழுகினால் மாலுமிகள் தப்பி வருவதற்கென்று ட்ரேகர் என்ற ஜெர்மன் நிறுவனம் ஒரு கருவி வைத்திருந்தது. அதை நீந்துவதற்கு ஏற்றபடி மாற்றித் தரச் சொன்னார். சின்ன ஆக்சிஜன் குப்பி ஒன்று, மூச்சுப் பை ஒன்று, நடுவில் சுண்ணாம்பு நிரப்பிய டப்பா ஒன்று. விட்ட மூச்சு வெளியே போகாது. சுண்ணாம்பு அதில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும், குறைந்த ஆக்சிஜன் குப்பியிலிருந்து சேரும், அதே மூச்சு திரும்ப வரும். குமிழி கிடையாது, சத்தமும் கிடையாது. காலில் ரப்பர்த் துடுப்பு மாட்டிக்கொண்டால் கை இரண்டும் கேமராவுக்கு. 1942இல் கிரேக்கத்தின் ஏஜியன் கடலில் இப்படி நீந்திப் படமெடுத்தார். கனத்த பித்தளைத் தலைக்கவசமும் ஈயச் செருப்பும் போட்டுக் கடல்தரையில் நடப்பதுதான் அதுவரை முக்குளிப்பு. மனிதன் நீருக்குள் நடக்கக் கூடாது, மீனைப் போல மிதந்து நீந்த வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

இதில் ஆபத்து பெரியது. தூய ஆக்சிஜன் அழுத்தத்தில் நஞ்சாகும். ஏறக்குறைய 6 மீட்டருக்குக் கீழே அதைச் சுவாசிப்பது பாதுகாப்பில்லை என்று இன்று தெரியும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வலிப்பு வரும், வாயில் இருந்து குழாய் நழுவும். ஹாஸின் ஆட்கள் அந்த எல்லையைத் தாண்டியும் போனார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1953இல் தொடங்கிய பயணத்தில் ஜிம்மி ஹாட்ஜஸ் என்ற பிரிட்டிஷ் நீரடி ஒளிப்பதிவாளர் முக்குளிக்கும்போது இறந்துபோனார். அந்தப் பயணத்தின் அழகான காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் இவரையும் நினைக்கத்தான் தோன்றுகிறது.

போர்க்காலத்தில், நாஜி ஆட்சியில், ஒருவர் மீன் படம் எடுத்துக்கொண்டிருந்தாரா?

சங்கடமான கேள்விதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. கால்களில் ரத்த ஓட்டக் கோளாறு இருந்ததால் அவரைப் படையில் சேர்க்கவில்லை. 1942 ஏஜியன் பயணம் நடந்தது ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த கிரேக்கத்தில். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அந்த நாட்டில் கொடிய பஞ்சம் வந்து ஏராளமானவர்கள் பட்டினியால் செத்திருந்தார்கள். ஆக்கிரமித்த அரசின் அனுமதி இல்லாமல் ஒரு ஜெர்மன் ஆய்வுக் குழு அங்கே சுற்றியிருக்க முடியாது. அவருடைய தோழர் வுர்ட்சியான், அதே நீச்சல் முறையையும் கருவியையும் வைத்து, பின்னர் ஜெர்மன் ராணுவத்துக்குப் போர் முக்குளிப்பாளர்களைப் பயிற்றுவித்தார்.

ஹாஸ் ஆராய்ச்சிக்காகப் போனவர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் கரை வரும்போதெல்லாம் அங்கே பசியோடு நின்றவர்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அவர் தன் ஆய்வுக்கென்று வாங்கி வைத்திருந்த ஸீடாய்ஃபெல் என்ற கப்பலும் போர் முடிவில் கைவிட்டுப் போனது.

முதலில் வந்தது கூஸ்தோவா, ஹாஸா?

எதில் முதல் என்று கேட்டால் பதில் சொல்லலாம். நீரடிப் படத்தை மக்களுக்குக் காட்டியதில் ஹாஸ் முந்தியவர். கூஸ்தோவின் முதல் நீரடிப் படம் ஹாஸின் 1940 படத்துக்குப் பின்னால்தான் வந்தது. கருவியில் வென்றவர் கூஸ்தோ. எமில் கஞ்ஞான் என்ற பொறியாளரோடு சேர்ந்து 1943இல் அவர் உருவாக்கிய அழுத்தக் காற்றுக் கருவிதான் இன்று உலகம் முழுக்கப் பயன்படும் ஸ்கூபாவின் மூலம். அது பாதுகாப்பானது, சாதாரண ஆள்கூடச் சில நாளில் கற்றுக்கொள்ளலாம்.

கூஸ்தோ கடற்படை அதிகாரி, ஹாஸ் விலங்கியலாளர். இருவர் படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியும். கூஸ்தோவிடம் ஆழமும் சாகசமும் கப்பலும் பெரிதாகத் தெரியும். ஹாஸ் ஒரு மீன் இன்னொரு மீனை என்ன செய்கிறது என்பதில் நின்றுவிடுவார். எனக்கு ஹாஸின் பொறுமை பிடிக்கும். இது ரசனை, தீர்ப்பு அல்ல.

லோட்டே ஹாஸ் யார்? மனைவி என்பதற்காகப் படத்தில் வந்தவரா?

இல்லவே இல்லை. 1928இல் வியன்னாவில் பிறந்த லோட்டே பையர்ல், பள்ளி முடித்த சில காலத்தில் ஹாஸின் அலுவலகத்தில் செயலராகச் சேர்ந்தார். தட்டச்சு செய்வதைவிடக் கடலுக்குள் போவதில்தான் ஆசை. 'பயணத்தில் பெண்களுக்கு இடமில்லை' என்று ஹாஸ் கறாராக இருந்தார். அவர் வெளிநாட்டில் இருந்த சமயம் பார்த்து, அவருடைய கேமராவை எடுத்துக்கொண்டு வியன்னாவில் டான்யூப் ஆற்றின் பழைய கால்வாய்க்குள் முங்கி, மீனையும் நீர்ப்பாசியையும் படமெடுத்தார் லோட்டே. படங்கள் பத்திரிகையில் வந்தன.

அப்படியும் ஹாஸ் மசிந்திருப்பாரோ என்னவோ, படத்துக்குப் பணம் போட்டவர்கள் 'ஒரு அழகான பெண் வேண்டும்' என்று நிபந்தனை வைத்தார்கள். அப்படித்தான் 1950இல் செங்கடல் பயணத்தில் லோட்டே சேர்ந்தார். அழகுக்காக அழைக்கப்பட்டவர், வேலைக்காக நிலைத்தார். சூடான் துறைமுகத்தின் வெயிலில், சுறாக்கள் சுற்றும் பவளப்பாறையில் கேமராவோடு இறங்கினார். துறைமுகத்துக்கு வெளியே உம்ப்ரியா என்ற இத்தாலியக் கப்பல், 1940இல் அதன் மாலுமிகளாலேயே மூழ்கடிக்கப்பட்டு, வயிறு நிறைய வெடிக்காத குண்டுகளோடு கிடந்தது. இந்தக் குழு அதையும் சுற்றி நீந்தியது.

அந்தச் செங்கடல் படம் 1951இல் வெனிஸ் திரைப்பட விழாவில் முழுநீள ஆவணப்படத்துக்கான பரிசு வாங்கியது. லோட்டேவுக்கு ஹாலிவுட்டில் இருந்து அழைப்பு வந்தது. மறுத்துவிட்டார். 1950 இறுதியில் ஹாஸைத் திருமணம் செய்துகொண்டிருந்தார். ஹாஸுக்கு அது இரண்டாவது திருமணம். முதல் மனைவி ஹன்னலோரெ ஷ்ரோத் ஒரு திரைப்பட நடிகை. லோட்டே பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளை வைத்து 2011இல் ஜெர்மன் தொலைக்காட்சியில் ஒரு திரைப்படமே வந்தது. ஹாஸ் இறந்த ஒன்றரை ஆண்டில், 2015 ஜனவரியில், அவரும் போய்ச் சேர்ந்தார்.

ஸாரிஃபா என்ற கப்பலைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

நம் வீடுகளில் பாட்டி காலத்துச் சிங்கர் தையல் மெஷின் இருக்கும் இல்லையா, அந்தச் சிங்கர் குடும்பத்து வாரிசு ஒருவருக்காக 1927இல் இங்கிலாந்தில் கட்டிய மூன்று பாய்மரச் சொகுசுக் கப்பல் அது. கைமாறிக் கைமாறி, கடைசியில் சரக்கு ஏற்றும் நிலைக்கு வந்திருந்தது. 1951இல் ஹாஸ் அதை வாங்கி, ஹம்பர்க்கில் பழுதுபார்த்து, ஆய்வுக்கூடமும் இருட்டறையும் கொண்ட கப்பலாக மாற்றினார்.

1953–54இல் முதல் பெரும் பயணம்: அசோர்ஸ் தீவுகள், கரீபியன், கலாபகோஸ். அசோர்ஸில் எண்ணெய்த் திமிங்கில வேட்டை இன்னும் நடந்துகொண்டிருந்தது. நம் செய்தித்தாள்களில் அடிக்கடி அம்பர்கிரிஸ் கடத்தல் என்று வருமே, அந்த அம்பர்கிரிஸ் இந்தத் திமிங்கிலத்தின் வயிற்றில்தான் உண்டாகிறது. அவற்றின் பக்கத்திலும் ஹாஸ் கேமராவோடு நீந்தினார்.

கலாபகோஸில் நடந்தது அதைவிடப் பெரியது. கப்பலில் ஐரெனாய்ஸ் ஐப்ல்-ஐபெஸ்ஃபெல்ட் என்ற இளம் விலங்கு நடத்தையியலாளர் இருந்தார். தீவுகளில் விலங்குகள் எப்படிக் கொல்லப்படுகின்றன என்று கண்ணால் பார்த்துவிட்டு, ஊர் திரும்பியதும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளுக்கு எழுதினார். 1957இல் யுனெஸ்கோ அவரையே அங்கே திரும்ப அனுப்பியது. 1959இல் சார்லஸ் டார்வின் அறக்கட்டளை தொடங்கியது, பிறகு அதன் ஆய்வு நிலையமும் வந்தது. ஒரு படப்பிடிப்புக் கப்பலில் இடம் கிடைத்ததால் ஒரு தீவுக்கூட்டத்துக்குக் காவல் கிடைத்தது.

தொலைக்காட்சிக்கு எப்படி வந்தார்?

பணத்துக்காக. இதை மறைக்க வேண்டியதே இல்லை. மூன்று பாய்மரக் கப்பலையும் மாலுமிகளையும் விஞ்ஞானிகளையும் மாதக்கணக்கில் வைத்துச் சோறு போட வேண்டும். எந்தப் பல்கலைக்கழகமும் அதற்குப் பணம் தரவில்லை. ஆரம்பத்தில் சொற்பொழிவு, புகைப்படம், புத்தகம்; அப்புறம் திரையரங்குப் படம். அந்த வருமானத்தில்தான் அடுத்த பயணம்.

1956இல் பிபிசி, ஹான்ஸையும் லோட்டேவையும் வைத்து ஆறு பகுதிகள் கொண்ட தொடரை ஒளிபரப்பியது. பிரிட்டனில் வீடுகளுக்குத் தொலைக்காட்சி வேகமாக வந்துகொண்டிருந்த காலம். கறுப்பு வெள்ளைச் சின்னத் திரை. ஹான்ஸும் லோட்டேவும் ஆஸ்திரிய உச்சரிப்பு மாறாத ஆங்கிலத்தில் தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள். அந்தக் குரலுக்கு அதிகாரம் இருந்தது, ஏனென்றால் பேசுபவர்தான் அந்த நீருக்குள் இருந்தவர். கேட்டவர்கள் பலர் கடலுக்குள் என்ன இருக்கிறது என்று அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். தொடர் பெரிய வெற்றி.

அந்த வெற்றியால் பிபிசியும் தெற்கு ஜெர்மனியின் வானொலி-தொலைக்காட்சி நிறுவனமும் அடுத்த பயணத்துக்கு நிகழ்ச்சிகள் கேட்டன. 1957இல் ஸாரிஃபா மறுபடி கிளம்பியது இப்படித்தான். நிகழ்ச்சிக்காக அறிவியலை விட்டுவிட்டார் என்று சக விஞ்ஞானிகள் சிலர் முகம் சுளித்தது உண்டு. கணக்கைத் திருப்பிப் பார்த்தால், அந்தக் கப்பலில் போன ஒவ்வொரு விஞ்ஞானியின் படுக்கைக்கும் வாடகை கொடுத்தது அந்த நிகழ்ச்சிகள்தான்.

நம் பக்கத்துக் கடலுக்கு அவர் வந்தாரா?

வந்தார். 1957–58 பயணம் செங்கடலில் தொடங்கி மாலத்தீவு, இலங்கை, நிக்கோபார் வழியாகச் சிங்கப்பூர் வரை நீண்டது. கப்பலில் பவளம் பார்க்க ஒருவர், மீன் பார்க்க ஒருவர், கடல்தரை நுண்ணுயிர் பார்க்க ஒருவர் என்று தனித்தனி நிபுணர்கள்.

அந்தப் பயணத்தின் மிக அழகான கண்டுபிடிப்பு மாலத்தீவிலும் நிக்கோபாரிலும் கிடைத்தது. பவளப்பாறைக்கு அப்பால் வெறும் மணல் சரிவு. முதல் பார்வைக்கு அங்கே ஒன்றுமே இல்லை. சற்றுத் தள்ளிப் பார்த்தால் புல் முளைத்த மாதிரி நூற்றுக்கணக்கில் ஏதோ ஆடுகிறது. நீரோட்டம் வரும் திசையைப் பார்த்து, கேள்விக்குறி போலத் தலையை வளைத்துக்கொண்டு. நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக மணலுக்குள் வால்பக்கமாக இறங்கிவிடும். கிட்டே போய்ச் சேரும்போது மறுபடி வெறும் மணல். அவை விலாங்கு மீன்கள். மணலில் சளியால் பூசிய குழியில் வாலை ஊன்றி நின்று, நீரோட்டத்தில் வரும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்று வாழ்கின்றன. தோட்டத்துச் செடி மாதிரி நிற்பதால் தோட்ட விலாங்கு என்று சொல்கிறார்கள்.

இவற்றை வலைபோட்டுப் பிடிக்க முடியாது. மணலில் நின்று ஆடும் அந்த வாழ்க்கையை நீந்திப் போய், அசையாமல் கிடந்து பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்த்து எழுதியவர்கள் ஐப்ல்-ஐபெஸ்ஃபெல்ட்டும் பிராங்க்ஃபர்ட் அருங்காட்சியகத்தின் வோல்ஃப்காங் கிளவுஸெவிட்ஸும். 1959இல் விவரித்த இனத்துக்கு ஹாஸின் பெயரையே சூட்டினார்கள். இன்றைய அறிவியல் பெயர் ஹெட்டெரோகோங்கர் ஹாஸி.

பவளத்தீவு உருவாவது பற்றி டார்வினோடு அவர் மாறுபட்டாராமே?

ஆமாம். எரிமலைத் தீவு மெல்லத் தாழ, அதைச் சுற்றிய பவளம் மேலே மேலே வளர்ந்து கடைசியில் வளையம் மட்டும் மிஞ்சுகிறது என்பது டார்வின் சொன்னது. மாலத்தீவில் பெரிய வளையத்துக்குள் சின்னச் சின்ன வளையங்கள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு எரிமலையா என்று ஹாஸ் கேட்டார். பவளத் திட்டின் ஓரத்தில்தான் உணவும் ஓட்டமும் உண்டு, அதனால் ஓரம் உறுதியாக வளரும். நடுப்பகுதி நலிந்து, நெகிழ்ந்த கிளைப் பவளத்தால் ஆனதால் அமுங்கித் தாழும். அதனால் வளையம் உண்டாகும் என்று 1962இல் எழுதினார். நடுக்கடல் எரிமலைகள் மேல் உருவான பவளத்தீவுகளுக்கு டார்வின் விளக்கம்தான் இன்றும் நிற்கிறது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. நீந்திப் பார்த்தவருக்குத்தான் அது தோன்றும்.

இவ்வளவு புகழில் இருக்கும்போது ஏன் கடலை விட்டார்?

1960களின் தொடக்கத்தில் கப்பல் அவர் கையை விட்டுப் போனது. நாற்பது வயதைத் தாண்டியவர் மீனைப் பார்த்த கண்ணால் மனிதனைப் பார்க்க ஆரம்பித்தார். ஐப்ல்-ஐபெஸ்ஃபெல்ட்டோடு பல நாடுகளுக்குப் போய், லென்சின் முன்னால் கண்ணாடி வைத்து, கேமரா வேறு திசையைப் பார்ப்பது போலக் காட்டி, மக்கள் சிரிப்பதையும் வணங்குவதையும் வெட்கப்படுவதையும் அவர்கள் அறியாமல் பதிவு செய்தார்கள். ஒருவரைக் கண்டதும் புருவம் நொடிப்பொழுது உயர்ந்து இறங்கும் அந்த வரவேற்பு பல பண்பாடுகளில் ஒரே மாதிரி இருப்பதை ஐப்ல்-ஐபெஸ்ஃபெல்ட் இப்படிப்பட்ட படங்களில்தான் காட்டினார். அறியாமல் எடுப்பது சரியா என்ற கேள்வி இன்று வலுவாக எழும், எழத்தான் வேண்டும்.

பிறகு 1970இல் எனர்கான் என்ற கோட்பாடு. உயிரினமும் மனிதன் கட்டும் தொழில் நிறுவனமும் ஆற்றலைச் சேர்த்து வளர்வதில் ஒரே விதிகளுக்கு உட்பட்டவை என்றார். தன் வாழ்நாளின் முக்கியமான வேலை இதுதான் என்று அவர் கருதினார். அறிவியல் உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஈட்டியால் மீன் குத்தியவரைப் போய்ப் பாராட்டலாமா?

இளம் வயதில் நிறையக் குத்தினார். பிறகு மனம் மாறி, நீரடி வேட்டைக்கு எதிராகப் பேசினார். தான் முதலில் பார்த்த பாறைகளுக்குப் பல வருடம் கழித்துத் திரும்பிப் போனவர் அவர். ஒரு காலத்தில் பெரிய மீன்கள் மொய்த்த இடம் எப்படி இருந்தது என்று சாட்சி சொல்ல அவர் எடுத்த படங்களே இருந்தன. அந்த வகையில் 1939, 1950களின் அந்தப் படச்சுருள்கள் இன்று ஆவணம்.

கருவிகளில் அவர் விட்டுச்சென்றது ஏதாவது உண்டா?

இரண்டு சொல்லலாம். ரோலைஃப்ளெக்ஸ் கேமராவுக்கான ரோலைமரீன் என்ற நீரடி உறை 1954இல் விற்பனைக்கு வந்தது. அதன் வடிவமைப்பில் அவர் பங்கு உண்டு. நீரடிப் புகைப்படக்காரர்கள் வெகுகாலம் அதைத்தான் நம்பியிருந்தார்கள். 1983இல் வந்த டெக்கோபிரெய்ன் என்ற முக்குளிப்புக் கணினி அவர் பெயரோடு விற்கப்பட்டது. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம், ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டாமல் மேலே வர எங்கே நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் கருவி. இன்று அந்த வேலையை மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் செய்கிறது.

இன்று அவர் பெயரைச் சாதாரண ஆள் எங்கே சந்திப்பார்?

டோக்கியோவில் சுமிதா என்ற மீன் காட்சியகம் இருக்கிறது. அங்கே ஹாஸின் பெயர் கொண்ட அதே தோட்ட விலாங்குகள், சுமார் 300, ஒரு பெரிய தொட்டி மணலில் நட்டு வைத்தது போல நிற்கும். பார்வையாளர்கள் தினமும் வந்துபோனதில் மனித முகம் அவற்றுக்குப் பழகிவிட்டது, யார் வந்தாலும் ஒளிவதில்லை.

2020இல் கொரோனா வந்து காட்சியகம் மூடப்பட்டது. கண்ணாடிக்கு வெளியே முகமே இல்லை. சில வாரங்களில் விலாங்குகள் மனிதனை மறந்துவிட்டன. ஊழியர்கள் கிட்டே போனாலே மணலுக்குள் இறங்கிவிட்டன. நோய் வந்திருக்கிறதா, நலமாக இருக்கிறதா என்று பார்க்கக்கூட முடியவில்லை. அதனால் மே மாதத் தொடக்கத்தில் மூன்று நாள், தொட்டியின் முன்னால் ஐந்து டேப்லெட்டுகளை வைத்து, வீடியோ அழைப்பில் வரும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். முகத்தைக் காட்டுங்கள், கையசையுங்கள், பேசலாம், ஆனால் சத்தம் போடாதீர்கள்.